‘மாத்திரை இல்லை, மூலிகைதான்’: செயற்கை வால்வு பொருத்தப்பட்ட ஒரு பெண், அவருடைய மனச்சோர்வு, ஒரு சீன மருந்து

நிகழ்வு

காசிமேட்டைச் சேர்ந்த 47 வயதுப் பெண் ஒருவர், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில், வீட்டுத் திண்ணையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். இடது கையில் பிடித்திருந்த கிண்ணம் தானாக நழுவி விழுந்தது. எடுக்கப் போனால் விரல்கள் மடங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து பார்த்தபோது வாயும் சற்றுக் கோணியிருந்திருக்கிறது. ஆட்டோவில் ஏற்றி எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவருவதற்குள், ஏறக்குறைய இருபது நிமிடங்களில், கை பழையபடி அசையத் தொடங்கிவிட்டது. சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவும் இல்லை, புதிய பாதிப்பும் தெரியவில்லை. மூளைக்குச் செல்லும் ரத்தம் சிறிது நேரம் தடைபட்டு விலகியிருக்கிறது என்று முடிவு செய்தோம். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு அவருக்கு 1.4 என்று வந்தது. இந்த எண் குறைந்தால் ரத்தம் எளிதில் உறையும், கூடினால் கசியும். இருக்க வேண்டிய அளவு 2.5 முதல் 3.5 வரை.

அவரை நான்கு ஆண்டுகளாக மாதந்தோறும் பார்த்துவருபவன் என்ற முறையில் இந்த எண் என்னைக் கலங்கச் செய்தது. சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அறுவைச் சிகிச்சையில் உலோக வால்வு பொருத்தப்பட்டவர் அவர். இதயத் துடிப்பும் சீரற்றது. உலோக வால்வின் மேல் ரத்தம் உறையாமல் இருக்க அசினோகூமரால் மாத்திரை 2 மில்லிகிராம், துடிப்பைக் கட்டுப்படுத்த டிஜாக்ஸின், நீர் பிரிய ஃப்யூரோஸ்மைட், மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி என்று அவருடைய மருந்துப் பட்டியல் இரண்டு ஆண்டுகளாக மாறவே இல்லை. ஐ.என்.ஆரும் பெரும்பாலும் 2.6க்கும் 3.2க்கும் இடையில்தான் நின்றது. உறைவுத் தடுப்பு மாத்திரையை இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடும் நோயாளிகள் எங்கள் பகுதியில் அதிகம் இல்லை. மாத்திரை அட்டையின் பின்புறத்தில் பேனாவால் தேதி எழுதிவைத்துக்கொள்வார்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பு அவரும் அவருடைய அக்காவும் அதிகாலை மூன்று மணிக்குத் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் மீன் சுமந்து, தண்டையார்பேட்டை வரை தெருத்தெருவாக விற்றவர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பாரம் தூக்கக் கூடாது என்றதும் சுமை முழுவதும் அக்காவுக்குப் போனது. இவர் உட்கார்ந்த இடத்தில் மீன் வெட்டிக் கொடுத்தார். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அக்கா காலமானார். அதன் பிறகு துறைமுகத்துக்குப் போவதை இவர் நிறுத்திவிட்டார்.

டிசம்பர் மாதம் அவர் என்னிடம் சொன்னதை என் குறிப்பேட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். “ராத்திரி தூக்கமே இல்ல டாக்டர். நெஞ்சு பாரமா இருக்கு.” நான் ஈ.சி.ஜி. எடுத்தேன், எக்கோவுக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டிலும் புதிதாக எதுவும் இல்லை. ‘தூக்கமின்மை’ என்று எழுதி, மாலையில் காபி வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். தமிழில் நெஞ்சு என்றால் மார்பும் அதுதான், மனமும் அதுதான். அவர் எந்த நெஞ்சைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரியில் ஐ.என்.ஆர். 2.9. மார்ச் முதல் வாரம் 1.9. கீரை அதிகம் சாப்பிட்டீர்களா, மாத்திரை விட்டுப்போனதா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று மூன்று கேள்வியும் கேட்டேன். மூன்றுக்கும் இல்லை என்றார். மருந்தை 3 மில்லிகிராமாகக் கூட்டினேன். மார்ச் கடைசியில் 1.6. நாடித்துடிப்பு 118 ஆகவும் சீரற்றும் இருந்தது. படி ஏறினால் படபடப்பு வருவதாகச் சொன்னார். 4 மில்லிகிராமாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் வரச் சொன்னேன். அவர் வரவில்லை. அடுத்து வந்தது கிண்ணம் விழுந்த நாளில்.

இந்த இரண்டு சந்திப்புகளிலும் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது, அதைத் தவறாகப் புரிந்துகொண்டேன். அவர் தெளிவாக இருந்தார். மார்ச் மாதம் தலையில் பூ வைத்திருந்தார். அக்கா போன பிறகு அன்றுதான் முதல்முறை. “இப்ப பரவால்ல டாக்டர், காலையில எழுந்துக்கணும்னு தோணுது” என்று அவராகவே சொன்னார். மகிழ்ந்தேன், தாமாகவே தேறிவருகிறார் என்று எண்ணிக்கொண்டேன். மனம் தேறிய அதே வாரங்களில் ஐ.என்.ஆர். ஏன் சரிகிறது, துடிப்பு ஏன் கூடுகிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

கண்டுபிடிப்பு

காரணத்தைக் கண்டுபிடித்தவர் வார்டின் இரவுப் பணிச் செவிலியர். நோயாளி தலையணைக்கடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து, இரண்டு கேப்ஸ்யூல்களை விழுங்குவதைப் பார்த்து, “என்னம்மா அது?” என்று கேட்டிருக்கிறார். “மாத்திரை இல்ல சிஸ்டர், மூலிகைதான். கப்பல்ல போற பையன் வாங்கியாந்தது. மனசுக்கு.” என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் பதில் வந்தது.

அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நான் கேட்டதற்கு, இல்லை என்பதுதான் அவர் அறிந்த வரையில் உண்மையான விடை. ராசப்ப செட்டி தெருவின் நாட்டு மருந்துக் கடைகளிலிருந்து வரும் கசாயப் பொட்டலத்தை வடசென்னையில் யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேள்வியில் நான் போட்ட சொல்லே விடையை வெளியே நிறுத்திவிட்டது.

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் அக்கா மகன், பிப்ரவரியில் விடுப்பில் வந்தபோது, சின்னம்மா பேசாமல் கிடப்பதைப் பார்த்துப் பதறியிருக்கிறான். கப்பலில் உடன் வேலை செய்யும் சீன நண்பர் ஒருவர் தம் தாய்க்கு வாங்கும் மருந்து என்று சொல்லி முன்பே கொடுத்திருந்த பத்துப் பெட்டிகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. பெட்டியில் இருந்தது முழுக்கச் சீன எழுத்து. செவிலியரின் கைப்பேசியில் எழுத்தைப் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தோம். ஷூகான் ஜியேயூ கேப்ஸ்யூல். கல்லீரலின் இறுக்கத்தைத் தளர்த்தி மனக்கட்டை அவிழ்ப்பது என்பது பெயரின் பொருள். உள்ளே இரண்டே மூலிகைகள். ஒன்று சைபீரிய ஜின்செங். மற்றொன்றின் சீனப் பெயர் குவான் யே ஜின் சி தாவோ, தாவரவியல் பெயர் ஹைபெரிகம் பெர்ஃபோரேட்டம். ஐரோப்பாவில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று அழைக்கப்படும் மஞ்சள் பூச்செடி. அந்தப் பெயரைப் படித்ததும் மூன்று மாதத்து எண்கள் அனைத்துக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது.

அந்த மருந்து செய்ததும் செய்யாததும்

முதலில் அதற்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் செடி மனச்சோர்வுக்கு உதவாத ஒன்றல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2008இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 29 ஆய்வுகளில் 5,489 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்து, மனச்சோர்வில் இது போலி மருந்தைவிட நன்றாகவும், வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகளுக்கு நிகராகவும் வேலை செய்கிறது என்று கண்டது. ஆகவே, எங்கள் நோயாளி பூ வைத்துக்கொண்டு வந்தது வெறும் நம்பிக்கையால் மட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்து அவருக்கு உதவியிருக்கலாம்.

சிக்கல் கல்லீரலில் இருக்கிறது. இந்தச் செடியில் உள்ள ஹைப்பர்ஃபோரின் என்ற பொருள், மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதிகளை அதிக அளவில் உற்பத்தி செய்யுமாறு கல்லீரலைத் தூண்டுகிறது. அசினோகூமராலும் வார்ஃபரினும் அந்த நொதிகளால்தான் உடைக்கப்படுகின்றன. குடலில் டிஜாக்ஸினைத் திருப்பி வெளியே தள்ளும் ஒரு புரதத்தையும் அது கூட்டுகிறது. நோயாளி மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாலும் ரத்தத்தில் நிற்பது கணிசமாகக் குறையலாம். 1999இல் ஜெர்மனியில் நலமான தன்னார்வலர்களிடம் நடந்த ஆய்வில், பத்து நாள் இதைச் சாப்பிட்டவர்களுக்கு டிஜாக்ஸின் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. 2000ஆம் ஆண்டு சுவீடனிலிருந்து, வார்ஃபரின் சாப்பிட்டவர்களின் ஐ.என்.ஆர். சரிந்த ஏழு நிகழ்வுகள் பதிவாயின. அதே ஆண்டு சூரிச்சில், இதய மாற்று அறுவைச் சிகிச்சை பெற்ற இருவர் இச்செடியைச் சாப்பிட்டதால், நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு இறங்கி, பொருத்திய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கிய செய்தி வந்தது. எங்கள் நோயாளியிடம் ஐ.என்.ஆர். சரிந்ததும், டிஜாக்ஸின் வலுவிழந்து துடிப்பு 118க்கு ஏறியதும் இதே வழியில்தான்.

இரண்டாவது மூலிகை இன்னொரு குழப்பத்தைச் சேர்த்திருக்கும். சைபீரிய ஜின்செங் சாப்பிட்ட 74 வயதுக்காரர் ஒருவருக்கு, நச்சு அறிகுறி எதுவும் இல்லாமலேயே ரத்தப் பரிசோதனையில் டிஜாக்ஸின் அளவு உயர்ந்து காட்டியதாக 1996இல் கனடாவிலிருந்து ஓர் அறிக்கை உண்டு. அப்படியானால் ஒரு மூலிகை டிஜாக்ஸினைக் குறைக்க, மற்றொன்று பரிசோதனையில் அதைக் கூட்டிக் காட்டக்கூடும். நாங்கள் டிஜாக்ஸின் அளவைச் சோதிக்கவில்லை. சோதித்திருந்தாலும் அந்த எண்ணை நம்பி முடிவெடுத்திருக்க முடியாது.

சீன மருத்துவம் இந்த நோயை எப்படிப் பார்க்கிறது

சீன மரபில் ஷின் என்ற ஒரே சொல் இதயத்தையும் உள்ளத்தையும் குறிக்கும், நம் நெஞ்சைப் போல. அறிவும் உணர்வும் குடியிருக்கும் வீடு இதயம் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே இதய நோயும் மனச்சோர்வும் சேர்ந்து வருவதில் அவர்களுக்கு வியப்பில்லை. ஓடாமல் தேங்கிய உயிராற்றலும் உறைந்து நின்ற ரத்தமும் ஒன்றையொன்று வளர்ப்பதாகக் கொண்டு, இரண்டுக்கும் சேர்த்தே மருந்து கட்டுகிறார்கள். சோங் வம்சக் காலத்திலிருந்து வழங்கும் ஷியாவ் யாவ் சான் என்ற மூலிகைக் கலவை, 1830இல் வாங் சிங்ரென் எழுதிவைத்த ஷூவேஃபூ ஜூயூ கசாயம் ஆகியவை இந்த நோக்கில் இன்றும் கொடுக்கப்படுகின்றன. பெய்ஜிங்கைச் சேர்ந்த இதய மருத்துவர் ஹூ தாயி, ‘இரட்டை இதய மருத்துவம்’ என்ற பெயரில் இதயத்தையும் மனத்தையும் ஒரே மருத்துவர் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்று நெடுங்காலமாக வற்புறுத்திவருகிறார். டிசம்பரில் நான் செய்யத் தவறியதைத்தான் அவர் சொல்கிறார்.

இதய நோயாளிகளின் மனச்சோர்வுக்கு இந்தக் கசாயங்களும் கேப்ஸ்யூல்களும் உதவுமா என்று சீனாவில் ஏராளமான ஆய்வுகள் நடந்துள்ளன. படித்தவரையில் என் மதிப்பீடு இது. பெரும்பாலானவை சிறியவை, சில வாரங்களே நடந்தவை, யாருக்கு எந்த மருந்து என்பதை மறைக்காமல் செய்தவை. மனச்சோர்வு மதிப்பெண் குறைந்ததைக் காட்டுகின்றன. மாரடைப்பும் மரணமும் குறைந்தனவா என்பதை அவற்றால் காட்ட முடியவில்லை. அதற்காகச் சீன மருந்தை முறையாகச் சோதிக்கவே முடியாது என்று ஒதுக்குவதும் தவறு. சீன விஞ்ஞானி து யூயூ, பழைய சீன ஏடு ஒன்றின் குறிப்பைக் கொண்டு மூலிகையிலிருந்து ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்து 2015இல் நோபல் பரிசு பெற்றார். 2023இல் மாரடைப்பு வந்த 3,777 பேரிடம், போலி மருந்தோடு ஒப்பிட்டு நடந்த, தோங்ஷின்லுவோ என்ற சீன மருந்தின் ஆய்வில், முப்பது நாளில் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் முதலிய பெரும் நிகழ்வுகள் 5.2 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்தன. அந்தத் தரத்தில் மனச்சோர்வுக்கும் ஆய்வு நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை அல்ல.

அதுவரை நம் கவனம் உட்பொருள்களின் மீது இருக்க வேண்டும். மார்பு நோய்க்குச் சீனாவில் மிகுதியாகப் பயன்படும் தான்ஷென் வேர், வார்ஃபரினோடு சேரும்போது ஐ.என்.ஆரை ஆபத்தான அளவுக்கு ஏற்றுவதை ஹாங்காங் மருத்துவர்கள் 1990களிலேயே எழுதிவிட்டார்கள். எங்கள் நோயாளிக்கு நேர்ந்ததற்கு நேர்மாறான ஆபத்து அது. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பு சீன மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் வகுத்த, படபடப்புக்கும் கலக்கத்துக்கும் தரும் ஒரு கசாயத்தின் மூலக் கட்டில் ஈயச் செந்தூரம் இருந்தது. நெஞ்சை அமைதிப்படுத்தும் சில பழைய சீன உருண்டைகளில் சாதிலிங்கம், அதாவது பாதரசக் கலவை, உண்டு. நம் சித்த மருந்துகளிலும் உள்ள சரக்கே. ஷியாவ் யாவ் சானில் சேரும் கான்சாவ் என்பது நம் அதிமதுரத்தின் உடன்பிறப்பு. அதிமதுரம் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். ஃப்யூரோஸ்மைடும் பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்த உடலில் டிஜாக்ஸின் நஞ்சாக மாறும்.

நிறுத்திய பிறகு

கேப்ஸ்யூலை அன்றிரவே நிறுத்தினோம். ஆனால் நிறுத்துவதோடு ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. தூண்டப்பட்ட நொதிகள் ஓரிரு வாரங்களில்தான் பழைய அளவுக்குத் திரும்பும். திரும்பும்போது, மூலிகையோடு போட்டி போட நான் இரட்டிப்பாக்கியிருந்த 4 மில்லிகிராம் மாத்திரை முழு வலுவோடு இறங்கும். ரத்தம் உறையும் நிலையிலிருந்து ரத்தம் கசியும் நிலைக்கு நோயாளியைத் தள்ளும் இடம் இதுதான். ஐ.என்.ஆர். ஏறும்வரை உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை பரிசோதித்தோம். ஆறாம் நாள் 2.4, ஒன்பதாம் நாள் 3.3, பன்னிரண்டாம் நாள் 4.1. படிப்படியாக 3க்கும், பிறகு 2 மில்லிகிராமுக்கும் குறைத்தோம். நான்காம் வார முடிவில், ஜனவரியில் இருந்த அதே அளவு மாத்திரையில், 2.8. நாடித்துடிப்பு புதிய மருந்து எதுவும் சேர்க்காமலே 82க்கு இறங்கியது. எக்கோவில் வால்வின் இதழ்கள் நன்றாகத் திறந்து மூடின. கேப்ஸ்யூலின் உள்ளடக்கத்தை ஆய்வகத்தில் பிரித்துப் பார்க்கவில்லை, மீண்டும் கொடுத்துப் பார்ப்பது நியாயமும் அல்ல. ஆனாலும் தொடங்கியபோது சரிந்து, நிறுத்தியபோது ஏறிய இந்த வரிசை, காரணம் அதுதான் என்று கருதப் போதுமானது.

வார்டில் முதல்முறையாக, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலை அவரிடம் தமிழில் கேட்டோம். 27க்கு 7 வந்தது; எண் கூடினால் சோர்வு அதிகம். மருந்தை நிறுத்தி மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது 16. பூ இல்லை. சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்ற ஒன்பதாம் கேள்விக்கு, “செத்துப்போனா அக்காகிட்ட போயிடலாம்னு தோணும். ஆனா நானா ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன்” என்றார். மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றதும் எழுந்துவிட்டார். “என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடுவீங்களா?” 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் அந்த இடத்தின் பெயர் இந்த ஊரில் எப்படிப் பயன்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அந்த மூலிகையையே குடுத்துடுங்க டாக்டர். உறையாம இருக்கற மாத்திரைய வேணா மாத்திக் குடுங்க.”

அவருடைய கேள்வி நியாயமானது. பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டேன். உலோக வால்வுக்குப் புதிய வகை உறைவுத் தடுப்பு மாத்திரைகள் உதவாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை வைத்து நடத்திய ஆய்வு, உறைவும் கசிவும் இரண்டுமே கூடியதால் இடையில் நிறுத்தப்பட்டு, 2013இல் முடிவு வெளியானது. மாற்ற முடிந்தது மனத்துக்கான மருந்தை மட்டும்தான். இதய நோயாளிகளிடம் மனச்சோர்வு மருந்துகளில் நன்கு சோதிக்கப்பட்டது செர்ட்ராலின். 2002இல் மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ வந்த 369 பேரிடம் அது இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று தெரிந்தது. அது எல்லா நோயாளிக்கும் பலன் தந்துவிடுவதில்லை என்பதும் உண்மை. இதயச் செயலிழப்பு உள்ள 469 பேரிடம் 2010இல் வெளிவந்த ஆய்வில் போலி மருந்தைவிட அது மேலாக இல்லை. உறைவுத் தடுப்பு மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு சற்றுக் கூடும். இதை எல்லாம் அவரிடமும் அக்கா மகனிடமும் கைப்பேசியில் ஒன்றாகப் பேசினோம். மூலிகை உடலிலிருந்து முழுதும் விலகும் முன் செர்ட்ராலின் தொடங்கினால் செரட்டோனின் மிகையாகிக் காய்ச்சலும் நடுக்கமும் வரலாம் என்பதால், அதுவரை மூன்று வாரம் பொறுத்திருந்தோம். 25 மில்லிகிராமில் தொடங்கி 50க்குப் போனோம். ஐ.என்.ஆர். வாராவாரம். மனநல மருத்துவர் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கே வந்து அவரைப் பார்த்தார். இரவில் பேச வேண்டும்போல் இருந்தால் அழைக்கச் சொல்லி, 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை மாத்திரை அட்டையில் தேதிகளுக்குப் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தோம்.

மருந்துக்கு நிகராக உதவியது வேறொன்று என்று நினைக்கிறேன். தடைக்காலம் முடிந்து ஜூன் 15 முதல் விசைப்படகுகள் கடலுக்குப் போனதும், கிண்ணம் விழுந்தபோது ஓடிவந்த பக்கத்து வீட்டுப் பெண், தினமும் காலை நான்கு மணிக்கு அவரை எழுப்பித் துறைமுகத்துக்கு அழைத்துப்போனார். சுமப்பது அந்தப் பெண், ஏலத்தில் விலை கேட்பது இவர். அக்காவோடு நின்ற அதே இடத்தில் முதல் நாள் நின்றபோது அழுததாகச் சொன்னார். இரண்டாம் வாரத்தில் சங்கரா மீனுக்கு நல்ல விலை படிந்ததாகச் சொன்னார். பன்னிரண்டாம் வாரத்தில் பி.எச்.க்யூ-9 மதிப்பெண் 6, ஐ.என்.ஆர். 2.9.

எங்கள் புறநோயாளிச் சீட்டில் இப்போது இரண்டு கேள்விகள் கூடியிருக்கின்றன. கேப்ஸ்யூல், கசாயம், சூரணம், லேகியம், மூலிகை, எண்ணெய், வெளிநாட்டிலிருந்து வந்தது என ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்பது ஒன்று. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமலோ மனம் சோர்ந்தோ இருந்தீர்களா என்பது மற்றொன்று. கேட்க இரண்டு நிமிடம் ஆகிறது. ஒரு பிற்பகலில் தொண்ணூறு பேர் நிற்கும் வரிசையில் இரண்டு நிமிடம் பெரிய நேரம் என்பதை அறிவேன். இருந்தும் கேட்கிறோம்.

கடைசியாக வந்தபோது அவர் பையிலிருந்து காகிதத்தில் மடித்த சிறு பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். தொண்டைக் கமறலுக்கு யாரோ வாங்கித் தந்த அதிமதுரப் பொடியாம். ஒரு வாரமாகத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறாராம். “மாத்திரை இல்ல டாக்டர், ஆனா நீங்க கேப்பீங்கன்னு எடுத்தாந்தேன்” என்றார். பொட்டாசியம் பார்க்க அன்றே ரத்தம் எடுத்தோம். 3.6 இருந்தது, இயல்பான அளவின் கீழ் விளிம்பில். பொடியை என்னிடமே விட்டுவிட்டு, மறுநாள் ஏலத்துக்கு நேரமாகிவிடும் என்று சீக்கிரம் கிளம்பினார்.